ஒருமுறை எழுதினால் போதும்

நீதிமன்றத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மட்டுமே கொள்ளும் அறை ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் மனு தட்டச்சு செய்து கொடுக்கிறார். அவரிடம் போகாதீர்கள் என்றுதான் வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வார்கள். ஆள் தங்கமானவர், ஓர் எழுத்துப் பிழை இருக்காது, ஆனால் மனு நீண்டுவிடும். அரைப் பக்கத்தில் முடிய வேண்டியது நான்கு பக்கம் வரும். வந்தவள் 'அவர் என்னை அடிக்கிறார்' என்று மூன்று தடவை சொன்னால் மூன்று தடவையும் தாளில் இருக்கும். நடுவில் அழுதால் 'இந்த இடத்தில் அழுதார்' என்றும் இருக்கும். "யோவ், இது மனுவா, தொடர்கதையா?" என்று ஒரு குமாஸ்தா தாளை மேசையில் விட்டெறிந்ததை நானே பார்த்தேன். இவர் தாளைப் பொறுக்கி, தட்டி நேராக்கி, அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்.

இருபது வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் நான். அவர் எப்படி இப்படி ஆனார் என்று முழுக்கத் தெரிந்தவர்கள் அவர் மனைவியும் நானும்தான். அவர் மனைவி சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் பொதுச் சேவை, தலைமைத்துவம் மற்றும் கூட்டு ஆளுகைக்கான ஆய்வு மையம். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாக வந்துவிட்டதால் இரண்டு வரியாக மடக்கி மாட்டியிருந்தார்கள். நாங்கள் மையம் என்போம். பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைக்காரர்கள் 'பேச்சுக் கடை' என்பார்கள். வேலை இதுதான். நகராட்சி ஒரு பகுதியில் ஏதாவது செய்ய நினைத்தால், அதிகாரிகளையும் அங்கே குடியிருப்பவர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசவைப்போம். பேசியதை எழுதுவோம், எழுதியதை எண்ணுவோம், எண்ணியதை அறிக்கையாக்கி நகராட்சிக்கு அனுப்புவோம். வருஷத்துக்கு இரண்டு தடவை அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்துவோம். கெட்ட வேலை ஒன்றுமில்லை. சாதாரண ஆளையும் அதிகாரியையும் ஒரே உயர நாற்காலியில் உட்காரவைக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

எழுதுகிற வேலை அவருடையது. எண்ணுகிற வேலை என்னுடையது. அவருக்கு 'காது' என்று பெயர் வைத்ததும் நான்தான், வந்த முதல் வாரத்திலேயே. இரண்டு காதிலும் கருப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு மிதியை வைத்துக்கொண்டு உட்காருவார். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துவிடுவார். யார் தொண்டையைச் செருமினார், யாருக்குப் பல் கட்டியிருக்கிறது என்பதுகூடத் தெரியும். மதியம் சாப்பிடும்போது, "அந்த மூணாவது ஆள் பொய் சொல்றாரும்மா, பொய் சொல்லும்போது குரல் மெலிஞ்சிடுது" என்பார். "அதையும் எழுதிடுங்கண்ணா" என்பேன். "அது நம்ம வேலை இல்லையே" என்று சிரிப்பார்.

எங்கள் வேலையில் இரண்டு படி உண்டு. முதலில் பேசியது பேசியபடி ஒரு படி: இழுவை, இருமல், 'வந்து', 'அதான்', எல்லாவற்றோடும். அது மூலப்படி. பிறகு அதைச் சீவிச் சிங்காரித்து ஒரு படி: திருத்தப்படி. மேசையை விட்டு வெளியே போவது திருத்தப்படி மட்டும்தான். மூலப்படியைக் கிழித்துவிட வேண்டும், ஒலிப்பதிவைத் தொண்ணூறு நாளில் அழித்துவிட வேண்டும். பேசியவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அப்படி ஒரு ஒழுங்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

சீவுவதற்கு ஐந்து விதிகள். அவற்றில் நான்கு எங்கிருந்தோ வந்தவை. ஐந்தாவது காதுடையது. முன்பொரு சமயம் ஒரு கூட்டத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தெருநாய்களைப் பற்றி நாற்பத்திரண்டு தடவை சொன்னார். நாற்பத்திரண்டும் அறிக்கையில் ஏறி, நகரத்தின் தலையாய பிரச்சினை நாய் என்று வந்துவிட்டது. அப்போதிருந்த இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். காது அன்று மாலையே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: 'ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் ஒருமுறை எழுதினால் போதும்.' இயக்குநர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. விதி கையேட்டில் ஏறியது. கையேடு பயிற்சி வகுப்புகளுக்குப் போனது. வகுப்புக்கு வந்த ஊழியர்கள் வழியாக அலுவலகம் அலுவலகமாகப் பரவியது. அதில் அவர் பெயர் இல்லை. இருந்தாலும் ஒரு பிரதியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மனைவியிடம் காட்டியபோது அவள், "ஒரு வரி எழுதினதுக்கா இந்த அலட்டல்?" என்றாளாம். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

இதெல்லாம் நடந்த வருஷம் நகராட்சி ஒரு தெருவைச் சீரமைக்கத் திட்டமிட்டது. மேலே பெரிய சாலை, கீழே பதினெட்டு வீடுகள், நடுவில், வீடுகளுக்குப் பின்னால், மண்ணைத் தாங்கி நிற்கிற உயரமான சுவர். மூன்று மணி நேரக் கூட்டம். பதினெட்டு வீட்டின் சார்பாகக் கடைசி வீட்டுத் தையல்காரம்மாவை அனுப்பினார்கள். நன்றாகப் பேசுவாள் என்பதுதான் காரணம். வாகனம் நிறுத்துகிற இடம், தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, உட்காருகிற பெஞ்சு என்று பேச்சு ஓடியது. நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. தாளில்தான் பார்த்தேன், அதுவும் திருத்தப்படியில்.

திருத்தப்படியில் அவள் பெயருக்கு நேரே ஒரு வரி இருந்தது: 'பின்புறச் சுவரில் ஈரக்கசிவு உள்ளது.' நான் அதை என் அட்டவணையில் ஏற்றி, எதிரே ஒன்று என்று போட்டேன். வாகனம் நிறுத்துவதற்கு இருபத்திரண்டு. விளக்குக்குப் பதினேழு. ஐந்துக்குக் குறைவாக வருகிறதெல்லாம் அறிக்கையின் பின்னிணைப்பில், 'இதர கருத்துகள்' என்ற தலைப்பில் போகும். சுவர் அங்கே இருபத்தேழாவது வரியாகப் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் இருபத்தாறு வரி, பின்னால் நான்கு வரி. அன்றைக்கு நான் நல்ல தூக்கம் தூங்கினேன்.

ஐந்து மாதம் கழித்து, நான்கு நாள் விடாமல் மழை பெய்து, ஐந்தாம் நாள் காலை ஒன்பதரை மணிக்குச் சுவர் சரிந்தது. கடைசி இரண்டு வீடுகள் மண்ணுக்குள் போயின. பக்கத்து வீட்டுக் கிழவர், அவர் மருமகள், தையல்காரம்மா, மூன்று பேர். தையல்காரம்மாவைத் தையல் இயந்திரத்தோடு எடுத்தார்கள். கால் மிதிப்பலகையில் இருந்ததாம். பதினாறு வீட்டுக்காரர்களும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை ஆணையம் வைத்தார்கள். முதல் நாளே நகராட்சிப் பொறியாளர் எங்கள் அறிக்கையை உயர்த்திப் பிடித்துச் சொன்னார்: "மூன்று மணி நேரக் கூட்டத்தில் சுவரைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசப்பட்டிருக்கிறது. அதுவும் வெறும் ஈரம் என்று. முப்பத்தொரு கருத்தில் இருபத்தேழாவது. பல்கலைக்கழகமே எண்ணிச் சொன்னது." அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. செய்தித்தாளிலும் அப்படியே வந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் மையத்துக்கு ஒரு ஆள் வந்தார். பேருந்துப் பணிமனை மெக்கானிக். நகத்திலிருந்து கரி போகாத கைகள். தையல்காரம்மாவின் வீட்டுக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கழற்றிவிட்டே உள்ளே வந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"அந்தக் கூட்டத்துப் பதிவு வேணுங்க. அவ குரல் அதுல இருக்கு."

"அழிச்சுட்டோங்க. தொண்ணூறு நாளுக்கு மேல வச்சிருக்கக் கூடாது."

"எனக்குக் காசு பணம் வேண்டாங்க. வழக்கும் போடல." என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்க தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? நம்ம சார்பா போனவ, டீயக் குடிச்சுட்டு, ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டா, அவளும் செத்தா, அந்த ரெண்டு பேரையும் கொன்னுட்டா. இப்படிப் பேசுறாங்க. பேப்பர்ல ஒரு தடவைன்னு வந்திருக்கே, அதக் காட்டிக் காட்டிப் பேசுறாங்க. அவ அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னா, ஏழு தடவை சொல்லிட்டு வந்திருக்கேன், எண்ணி ஏழு தடவைன்னு. அவ பொய் சொல்ற ஆள் இல்லைங்க. ஏழுன்னு எங்கயாவது எழுதியிருந்தா அது போதும். அதக் கொண்டு போய்த் தெருவுல காட்டிருவேன்."

பக்கத்து மேசையில் மிதி நின்றது. காது ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை. மெக்கானிக் போன பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஏழுதாம்மா. ஆறை நான் அழிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை. "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன். "காதுல இருக்கு. ஆனா என் காதை யார் ஒத்துக்குவாங்க? தாள் வேணும்" என்றார். மூலப்படியைக் கிழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "எங்க வீட்டு அலமாரியில இருக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் அலுவலகம் விட்டதும் அவரோடு போனேன். அவர் மனைவி சிக்கனக்காரி. கிழிக்க வேண்டிய தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவர, அவள் அவற்றைச் சமையலறைத் தட்டுகளில் விரித்து மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டுப் பருப்பும் சர்க்கரையும் ஊர் மக்களின் குறைகள் மேல்தான் உட்கார்ந்திருந்தன. வேறு ஒரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் வெடித்தாள். "புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? வருஷா வருஷம் இந்த வருஷம் இருக்குமா, அடுத்த வருஷம் இருக்குமான்னு இருபது வருஷம் ஓட்டியாச்சு. இப்பதான் நிரந்தர உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்கு. கிழிக்க வேண்டிய தாளை வீட்ல வச்சிருந்தேன்னு நீங்களே போய் ஒத்துக்கப் போறீங்களா? நீங்களா சுவரைத் தள்ளினீங்க?"

"தள்ளல. ஆறு தடவைய அழிச்சேன்."

"விதிப்படி அழிச்சீங்க!"

"அந்த விதி யாரு எழுதினது?" என்றார் காது.

அவள் அதற்கு மேல் பேசவில்லை. அதாவது நியாயம் பேசவில்லை. திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே முக்காலியில் ஏறினாள், திட்டிக்கொண்டே டப்பாக்களை ஒவ்வொன்றாக என் கையில் இறக்கினாள். மூன்றாவது தட்டில், எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆறு தாள். மேல் தாளில் பாட்டிலின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. அவளே துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க. நம்ம குடியைக் கெடுக்கப் போறது இதுதான்னா பாத்துக்கங்க" என்றாள். அழுதுவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் வைத்து அதை நான் படித்தேன். அறிமுகத்தின்போது: "நான் கடைசி வீடுங்க. எங்க பின்சுவர்ல தண்ணி கசியுது, வயிறு தள்ளிட்டு நிக்குது." வாகனம் நிறுத்தும் பேச்சில்: "வண்டிய எங்க வேணா நிறுத்துங்க, சுவரு வயிறு தள்ளிட்டு நிக்குது, அதப் பாருங்க." விளக்குப் பேச்சில்: "விளக்கு போட்டா நல்லதுதான், வெளிச்சத்துலயாவது சுவரு தெரியட்டும்." பெஞ்சுப் பேச்சில் மறுபடி. அங்கே 'சிலர் சிரிக்கிறார்கள்' என்று இருந்தது. அடுத்து, கூட்டத்தை நடத்திய எங்கள் நெறியாளர்: "குறிச்சாச்சும்மா." அவள்: "என்னன்னு குறிச்சீங்க? வயிறு தள்ளிட்டு நிக்குதுன்னு எழுதுங்க." தேநீர் இடைவேளையில் ஒலிவாங்கி நிற்காமல் ஓடியிருந்தது. பொறியாளரிடமே சொல்லியிருக்கிறாள்: "சார், ஒருநாள் வந்து சுவத்துல கைய வச்சுப் பாருங்க சார், உங்களுக்கே தெரியும்." கடைசியில், எல்லோரும் எழுந்துகொள்ளும்போது: "நான் சொன்னது சுவரப் பத்திங்க. மறந்துறாதீங்க."

எண்ணினேன். என் வேலையே எண்ணுவதுதானே. ஏழு. இந்த ஏழும் ஒரே ஈரக்கசிவாகி என் மேசைக்கு வந்திருந்தது. வயிறு தள்ளி நின்றதுகூட வரவில்லை, ஏனென்றால் நாலாம் விதி உவமை வேண்டாம் என்கிறது.

காது முறைப்படி நடக்கிறவர். ஒளித்துச் செய்யமாட்டார். மறுநாள் காலை தாள்களை எடுத்துக்கொண்டு இயக்குநரம்மாவின் அறைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். இயக்குநரம்மா கெட்டவள் இல்லை. மூன்று பேர் செத்த செய்தி வந்த அன்று அறையைச் சாத்திக்கொண்டு அழுததை நான் அறிவேன். தாள்களை இரண்டு தடவை படித்தாள்.

"இது இருக்கவே கூடாத தாள்," என்றாள். "இது வெளிய வந்தா நம்ம மேல யாரும் இனிமே நம்பிக்கை வைக்க மாட்டாங்க. நாம பேசினத வீட்டு அலமாரியில போட்டு வைக்கிறாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு எந்த ஏழை வந்து நம்ம கூட்டத்துல வாயத் திறப்பான்? நாம எதையும் மறைக்கலையே. சுவர் அறிக்கையில இருக்கு."

"இருக்கு மேடம். ஒண்ணா இருக்கு."

"நீங்க போனா, உங்க உத்தரவுல நான் கையெழுத்துப் போட முடியாது. மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. உண்மையிலேயே முடியாது."

"தெரியும் மேடம்," என்றார் காது. தாள்களை எடுத்துக்கொண்டார். "அந்தம்மா என்னை நம்பிப் பேசுச்சு. ஒலிவாங்கியப் பாத்துப் பேசுச்சு. இது ஓடுதான்னு ஒருதரம் கேட்டுச்சு."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒன்று என்று போட்டது என் கை. நான் நிரந்தர ஊழியர், என் வேலைக்கு அவ்வளவு சீக்கிரம் ஆபத்தில்லை. அவரோடு நானும் போய்ச் சாட்சி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்வையாளர் வரிசையில் உட்காரப் போனேன், அதுவும் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு. இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

ஆணையம் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீளமான அறை, மேலே சுழலும்போது கடகடவென்று ஆடுகிற மின்விசிறி. மேடையில் ஆணையர், பக்கவாட்டில் தட்டச்சு செய்கிற ஓர் இளம்பெண். எனக்கு அடுத்த நாற்காலியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். காதைக் கூப்பிட்டார்கள். நகராட்சி வக்கீல் உடனே எழுந்தார். ஒலிப்பதிவு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, சமையலறையில் கிடந்த தாளை ஆவணமாக ஏற்கக் கூடாது என்றார். ஆணையர் எண்ணெய் வட்டத்தைப் பார்த்தார், யோசித்தார். தாளை ஆவணமாக ஏற்க முடியாது, ஆனால் சாட்சி தான் கேட்டதை வாய்மொழியாகச் சொல்லலாம், நினைவுக்காகத் தாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது போதுமே என்று எனக்கு உயிர் வந்தது.

காது எழுந்து நின்று சொன்னார். சொன்னார் என்பதைவிட, அவள் பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும். குரலை மாற்றவில்லை, நடிக்கவில்லை. ஆனால் எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே சிரிப்புக்கு நடுவில் குரலை உயர்த்தினாள் என்பதெல்லாம் வந்தது. முதல் தடவை சொன்னபோது தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. பக்கத்தில் மெக்கானிக் மடிமேல் கையை வைத்து ஒரு விரலை மடக்கினார். இரண்டாவது தடவை. அவர் இரண்டாவது விரலை மடக்கினார். அப்போதுதான் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவையில் என்னவென்று புரிந்தது. விசைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் கைகளைப் பலகைமேல் தயாராக வைத்துக்கொண்டு, அடுத்த புதுச் செய்திக்காக மரியாதையாகக் காத்திருந்தாள்.

காதுக்கு அது கேட்காமல் இருக்குமா? அவர் காதுக்கா? நான்காவது தடவையில் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பினார். நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று சொல்லி முடித்தார். பொறியாளரிடம் நேராகச் சொன்ன ஆறாவதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். விசை அசையவில்லை.

சாட்சியம் முடிந்ததும் கையெழுத்துக்காகத் தாள் வந்தது. அவர் நின்றபடியே படித்தார். "ஏழு தடவை சொன்னேம்மா. ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

அந்தப் பெண் பதறிப்போனாள். வேலையில் குறை சொல்லிவிட்டார் என்று நினைத்தாள் போலும். மேசை அறையைத் திறந்து கையேட்டை எடுத்தாள். எங்கள் கையேடு, ஓரம் மடங்கிப் பழசாகியிருந்தது. "விதிப்படிதான் சார் செஞ்சேன். இங்க பாருங்க, அஞ்சாவது. ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் ஒருமுறை எழுதினால் போதும். நான் உங்க மையத்துலதான் சார் பயிற்சி எடுத்தேன்."

ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாரம் பதிவாகியிருக்கிறது. அது போதுமானது. அடுத்த சாட்சி காத்திருக்கிறார்," என்றார். காது ஏதோ சொல்ல வாயெடுத்தார். விதி தப்பு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என்ன சொன்னாலும் அதுவும் பதிவாகாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையெழுத்தின் கீழே தன் கையால் 'ஏழு முறை' என்று எழுதினார். வக்கீல் ஆட்சேபித்தார். ஆணையர் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அச்சான அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தபோது அதில் ஒரு வரிதான் இருந்தது: 'சுவரின் ஈரம் குறித்துக் கூட்டத்தில் ஒருமுறை குறிப்பிடப்பட்டதாகச் சாட்சி உறுதிப்படுத்தினார்.' உறுதிப்படுத்தினாராம். அதற்குள் காதின் மேசை காலியாகி, அந்த இடத்தில் நகலெடுக்கும் இயந்திரம் வந்திருந்தது.

ஆனால் நான் சொல்ல நினைப்பது சாட்சியம் நடந்த அன்று மதியத்தை. நாங்கள் வெளியே வந்தபோது மெக்கானிக் மாடிப்படித் திருப்பத்தில் காத்திருந்தார். ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் இரண்டு விரலும் இன்னும் மடங்கியே இருந்தன. முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஏழும் வந்ததுமே அவர் எழுந்து வெளியே வந்துவிட்டதால், கையெழுத்துச் சமயத்தில் உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது.

"ஏழும் சரியா வந்துச்சு சார். எண்ணிட்டே இருந்தேன். அவ பேசின மாதிரியே இருந்துச்சு," என்றார். "எழுதிட்டாங்கள்ல? ஒரு நகல் எப்பக் கிடைக்கும்? தெருவுல காட்டணும்."

எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு பொய். அறிக்கை வர இரண்டு மாதம் ஆகும், அதுவரையாவது அந்த மனிதர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கட்டும். ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதிப் பழகாதவர் அவர்.

"இல்லீங்க. ஒண்ணுதான் எழுதினாங்க."

"ஏன்?"

"சொன்னதையே திரும்பச் சொன்னா ஒரு தடவை எழுதினாப் போதும்னு ஒரு விதி இருக்கு." காது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அத எழுதினது நான்தான். கூட்டத்துல அவங்க சொன்னதுல ஆறை அழிச்சதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. படியில் மெதுவாக உட்கார்ந்தார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"மழை ஆரம்பிச்ச அன்னைக்கு எங்கிட்டயும் சொன்னா சார்," என்றார். "சாப்பிட்டுட்டு இருந்தேன். சுவரப் பாருங்க, சுவரப் பாருங்கன்னா. ஒரு தடவை சொன்னாப் போதாதான்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ சொல்லவே இல்ல. நாலு நாள். ஒரு தடவகூடச் சொல்லல."